ஒரே கட்டாகக் கொடுத்த காசு

வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்கிற பிள்ளை கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

“அக்கா, உங்கடை பேரிலை பழைய குழுக்கடன் ஒண்டு கட்டாமல் கிடக்கு. கடன் புள்ளி நல்லாக் குறைஞ்சு போச்சு. உதோடை எங்களாலை கடன் தரேலாது.”

பக்கத்தில் என் கணவர் இருந்தார். எஞ்சின் பழுதாகி எங்கள் படகு வல்வெட்டித்துறைக் கரையில் சும்மா கிடந்தது. பெண்களுக்கு வட்டி குறைவு என்பதால் புதிய எஞ்சினுக்கு என் பெயரில் கடன் கேட்டு வந்திருந்தோம்.

“அது கட்டி முடிச்ச கடன், பிள்ளை” என்றேன். அவள் பாவம், திரையில் இருப்பதைத்தானே சொல்லுவாள்.

வீதிக்கு வந்ததும் அவர் கேட்டார்.

“அப்ப மாசாமாசம் நான் தந்த காசை என்ன செய்தனீர்?”

“கட்டினனான்.”

“அப்ப கொம்பியூட்டர் பொய் சொல்லுதோ?”

பொய்தான் சொல்லியது. ஆனால் அதற்கு வழி செய்து கொடுத்தவர்கள் நாங்களே. எங்கள் ஒழுங்கையில், ஒரே சின்னத் தெருவில் இருக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு கடன் கம்பனியில் குழுக்கடன் எடுத்திருந்தோம். காசு சேர்க்க வருகிறவர், கட்டாதவளின் வாசல் படலையில் நின்று ஊர் கேட்கக் கத்துவார். மானம் கப்பலேறும். அதனால் காசு குறைகிறவளுக்கு மற்றவர்கள் போட்டு நிரப்பி, குழுத் தலைவியின் கையால் ஒரே கட்டாகக் கொடுத்துவிடுவோம். யாரிடம் இல்லை என்பது அந்த மனிதருக்குத் தெரியவே கூடாது. அவரும் மினக்கெடாமல் முழுக் காசையும் தலைவியின் பெயரில் பதிந்துகொண்டு போயிருக்கிறார். பற்றுச்சீட்டும் அவள் பெயரில்தான். நாங்கள் யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. ஒருத்தியின் மானத்தைக் காக்கப் போய் எல்லோரும் கடன்காரிகளானோம்.

தலைவி வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டார், தேத்தண்ணி போடச் சொன்னார். அவள் போன பிறகு, “உம்மடை ஆள்தானே, உமக்காகத்தான் கதைப்பா” என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கம்பனிக்கு நடையாய் நடந்தேன். யாழ்ப்பாணக் கிளைக்குப் போனால் கொழும்புக்கு எழுது என்றார்கள். கொழும்புக்கு எழுதினால் கிளையிடம் கேள் என்றார்கள். பிழை விட்டவர்கள் குளிர்காற்றில் இருந்தார்கள், நான் வெயிலில் பஸ் ஏறி இறங்கினேன். வங்கிப் பிள்ளை மட்டும் பரிதாபப்பட்டு, திருத்தக் கேட்டு எழுதும் படிவத்தை எனக்கு நிரப்பித் தந்தாள்.

அதற்குள் படகு விலைப்பட்டது. வந்த காசில் அவர் கட்டார் நாட்டுக்குப் போனார். கடலைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதர் அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறார். அனுப்பும் காசு அவருடைய அக்காவின் கணக்குக்குப் போகும். மாதம் பிறந்ததும் நான் மச்சாள் வீட்டுக்குப் போவேன். அவள் நல்லவள், என் முகத்தைப் பார்க்காமல் தருவாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டுக் காசு என் கையில்தான் இருந்தது. இப்போது கைநீட்டி வாங்குகிறேன்.

போன கிழமை கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பதிவு திருத்தப்பட்டுவிட்டதாம், சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். உடனே அவருக்கு அழைத்தேன்.

“இஞ்சருங்கோ, கடிதம் வந்திட்டுது. நான் எல்லாம் கட்டினது சரியாம். பிழை அவையின்ரையாம்.”

அந்தப் பக்கம் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு சொல் போதும் எனக்கு.

“ம், நல்லது” என்றார். “இந்த மாசக் காசை அக்கான்ரை கணக்கிலை போட்டிட்டன். போய் வாங்கும்.”