கடல் தொடாத ஆள்

தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமாகவும் பேச்சாகவும் பதிவுசெய்வது என் வேலை. என்னை அனுப்பியவர்களுக்கு முத்துக்குளித்த கதை வேண்டும். முத்துக்குளிப்பு நின்றே பல வருஷமாகிவிட்டதால், ஊருக்குள் யாரிடம் முத்தைப் பற்றிக் கேட்டாலும் சிரிக்கிறார்கள். கீழவைப்பாருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் எனக்குக் கிடைத்தது கல்லறைத் தோட்டம்தான். கடல் அதை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. முழுசாகப் போவதற்குள் எல்லாச் சிலுவைகளையும் படமெடுத்துவிடலாம் என்று அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன்.

முன்வரிசையில் ஒரு கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த அக்காவை அங்கேதான் பார்த்தேன். அது அவள் புருஷனுடையது. காலமெல்லாம் கடலுக்குப் போன மனுஷன், ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்திருந்தார். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

"எங்க தெருவுல எத்தனை பேரு புருசன் கடலோட போயிட்டான், ஏளா. பொணங்கூடக் கெடைக்கல. எங்க ஆளைக் கடல் தொடல. ஆறடி மண்ணு கெடச்சுது."

கல்லறைத் திருநாள் மாலையில் அந்த ஊரில் எல்லோரும் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். உடல் கிடைக்காதவர்களின் வீட்டுப் பெண்கள் மட்டும் கடற்கரைக்குப் போவார்கள். காற்றுக்கு அணையாமலிருக்க மணலில் குழி பறித்து அதற்குள் ஏற்றுவார்கள். அக்கா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லையாம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். புருஷனின் எலும்பைத் தோண்டி எடுத்து, புதுக் கல்லறைத் தோட்டத்துக்கென்று ஊரார் மேற்கே வாங்கிப் போட்டிருந்த இடத்தில் புதைக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் போய்க் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். யாரும் மறுக்கவில்லை.

"திருநாளு நெருங்கிட்டு. இந்த ஒரு தடவை பழைய எடத்துலயே எல்லாரும் திரி கொளுத்திக்கிடட்டும். அதுக்கு முன்னால தோண்டுனா செத்தவங்களுக்கு மரியாதை இல்ல. முடிஞ்சதும் மாத்திருவோம்" என்றார் ஊர்த் தலைவர்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"கடலுக்கு யாரு அண்ணாச்சி சொல்லுவா?" என்று கேட்டாள் அக்கா. கூட்டம் கலைந்தது. திரும்பி வரும்போது என் கேமராவைப் பார்த்தாள். "படம் எடுத்து வச்சிருக்கியே, அதுல எலும்பு கெடைக்குமா?"

நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

திருநாளுக்கு முந்தின வாரம் மழையோடு கடல் ஏறியது. விடிந்தபோது முன்வரிசையே இல்லை. அவள் வெள்ளையடித்த சிலுவையின் ஒரு துண்டு மட்டும் மணலில் கிடந்தது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கைகளால் துழாவினாள். நாலைந்து பேர் சேர்ந்து அவளைக் கரைக்கு இழுத்து வந்தோம். தலைவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் திரும்பினேன். அவருடைய அம்மாவின் கல்லறையும் அதே வரிசையில்தான் இருந்திருக்கிறது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திருநாள் மாலை, அக்கா மெழுகுதிரிக் கட்டோடு தோட்டத்து வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். உள்ளே அவளுக்குப் போக ஒரு இடமும் இல்லை. கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

"அங்கன ஏன் நிக்கிய? இங்கன வாங்க, மைனி."

அக்கா போய் உட்கார்ந்தாள். மணலைக் கையால் பறித்து, திரியை நட்டுக் கொளுத்தினாள். அணைந்தது. மறுபடியும் கொளுத்தினாள். மறுபடியும் அணைந்தது. இடம் விட்டவள் தன் திரியை விட்டுவிட்டு இவள் குழிக்குள் கையை விட்டாள்.

"இன்னும் ஆழமாத் தோண்டணும், மைனி" என்றாள்.