சிலிண்டருக்குள் சுருட்டிய கடுதாசி

சண்டைக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ரேஸ் என்ன கண்டறியாத ரேஸ் என்று கேட்பீர்கள். நடந்ததுதான். மண்ணிலும் சேற்றிலும் பாய்ந்து ஓடுகிற டூ ஸ்ட்ரோக் சைக்கிள்கள் கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனைக் கராஜுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. கராஜில் நாங்கள் இரண்டே பேர். நான் யாழ்ப்பாணத்தான், வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவன். மற்றவன் என் கூட்டாளி. தகப்பன் காலத்திலேயே தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம், அவன் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அதனால் வெளிவேலைக்கெல்லாம் அவனே போவான். "ஒன் அடையாள அட்டையில யாழ்ப்பாணம்னு இருக்கு. நீ உள்ளயே இரு, நான் போயிட்டு வாறேன்" என்பான். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அந்த முறை வந்தது களனிக்காரர் ஒருவரின் சைக்கிள். சிங்களவர், நல்ல மனிதர். இழுவை போதாது என்றார். கழற்றிப் பார்த்தால், சிலிண்டரின் சுவரில் இருக்கிற துவாரங்களில், போர்ட் என்று நாங்கள் சொல்வது அதைத்தான், புகை போகிற போர்ட்டைக் கரி பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. இரும்பால் சுரண்டினால் கோடு விழும். மூங்கில் சீவலால் இரண்டு நாள் பொறுமையாகச் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவினேன். கரி போன பிறகுதான் தெரிந்தது, துவாரத்தின் உட்பக்கம் வார்ப்பிலேயே மேடும் பள்ளமுமாக இருந்தது. அதைத் தேய்த்துச் சமப்படுத்துகிற சின்னக் கிரைண்டர் மருதானையில் ஒரு லேத்காரரிடம் இருந்தது.

சிலிண்டரையே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன். இரும்புச் சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் நூறு கேள்வி வரும், கடுதாசியை யார் கேட்கப்போகிறான் என்று பெரிய மூளைக்காரன் மாதிரிச் சொன்னேன். வெள்ளைக் கடுதாசியைச் சுருட்டிச் சிலிண்டருக்குள் விட்டு, கரி பூசிய விரலால் தடவினால் துவாரங்களின் வடிவம் அப்படியே பதியும். விரித்தால் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் மில்லிமீற்றர் அளவு எழுதினேன். தேய்க்க வேண்டிய இடங்களுக்கு அம்புக்குறி போட்டேன். பெற்றோல் வருகிற பக்கம் 'உள்ளே வரும் வழி', புகை போகிற பக்கம் 'வெளியே போகும் வழி' என்று தமிழில் எழுதினேன். எல்லாம் என் கையெழுத்து.

அந்தக் கடுதாசியோடு போனவனை மருதானைச் செக்பொயின்ற்றில் பிடித்துவிட்டார்கள். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எஞ்சின் என்று சொல்லியிருக்கிறான். யாரோ தமிழ் தெரிந்தவன் அந்த எழுத்தைப் படித்துச் சொல்ல, இது எந்தக் கட்டடத்தின் படம் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

அன்று பின்னேரமே அவன் மனைவி பொலிஸில் போய்ப் பார்த்துவிட்டு, நேரே கராஜுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, நீங்க அந்தச் சிலிண்டர எடுத்துக்கிட்டு வந்து, இதுல எடுத்த படந்தான்னு காட்டுங்க. விட்டுருவாங்க."

"ஓம் தங்கச்சி, நாளைக்குக் காலமை வாறன்" என்றேன்.

அடுத்த நாள் சிலிண்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கராஜ் வாசல்வரை போனேன். அங்கிருந்தே திரும்பிவிட்டேன். என்னையும் பிடித்தால் பிறகு இரண்டு பேருக்காகவும் ஓடித் திரிய யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அவள் மறுபடி வந்தாள். காய்ச்சல் என்றேன். மூன்றாம் நாளும் வந்தாள். அன்று கெஞ்சவில்லை. "சிலிண்டரத் தாங்கண்ணே, நானே கொண்டு போறேன்" என்றாள். உனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது என்று அதையும் மறித்துவிட்டேன். கராஜின் பெயர் வந்தால் என் பெயரும் வந்துவிடும் என்ற பயம். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

ஐந்தாம் நாள் களனிக்காரர் தன் சைக்கிளைக் கேட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிலிண்டரையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு போனார். அதிகாரியின் மேசையிலேயே தாளை உள்ளே விட்டுத் தடவி, விரித்துக் காட்டியிருக்கிறார். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லையாம். அன்றே விட்டுவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். வலது கையைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தான். அந்த விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. ஸ்பனர் பிடிக்க முடியாமல் கராஜுக்கு வருவதையே விட்டுவிட்டான்.

"யாரு எழுதுனதுன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

"நான் வந்தனானடா. ஒவ்வொரு நாளும் பொலிஸ் வாசலிலை நிண்டனான். உள்ளுக்கு விடேல்லை."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியும்டா. நீ வெளிய நிப்பேன்னு நெனச்சுக்கிட்டேதான் உள்ள கெடந்தேன்" என்று இடது கையால் என் முழங்காலைத் தட்டினான்.

அவன் மனைவி தேத்தண்ணியோடு பின்னால் நின்றிருந்தாள். ஐந்து நாளும் அந்த வாசலில் நின்றவள் அவள்தான்.

"ஆமாங்க, அண்ணன் வந்தாங்க. நான் பாத்தேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, கோப்பையை என் கையில் தந்தாள்.