எதுவும் இல்லை என்று சொன்ன திரை

ஆஸ்பத்திரியில் அவளைப் பாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பாலா என்பது அவள் பெயர், அதில் அக்காவை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. இரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கென்று ஒரு பழைய டேட்டாபேஸ் இருந்தது. வார்டில் டாக்டர்கள் பார்ப்பதற்கென்று ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய புது வெப் அப்ளிகேஷன் ஒன்று வந்து சேர்ந்தது. ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத அந்த இரண்டையும் பேசவைக்கிற நடு புரோகிராமை எழுதியவள் அவள். "அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல பாலம் போடுறேன், அவ்வளவுதான்" என்று முதல் கூட்டத்தில் சொல்லிவைத்தாள். பேர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் அதையே சொல்லப்போக, அந்த அம்மாவின் காதில் பால் மட்டும் விழுந்து, "ஆஸ்பத்திரிக்கு தினமும் எத்தனை லிட்டர் போகும்?" என்று கேட்டதாம். பாலக்காவின் புருஷன் பஸ் டிரைவர். இதைச் சொல்லிச் சொல்லியே டெப்போவில் பாதிப்பேரைச் சிரிக்கவைத்திருக்கிறான்.

கம்ப்யூட்டர் பிரிவு அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய இயந்திரங்களில் படுக்கை விரிப்புகள் சுழன்றுகொண்டே இருக்கும். மேஜையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். அங்கேதான் அவள் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தாள். பழைய டேட்டாபேஸை உருவாக்கியவர்கள் என்றைக்கோ போய்விட்டார்கள். எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று எழுதிவைத்த காகிதமும் அவர்களோடு போய்விட்டது. நான்கு நான்கு எழுத்தில் பெயர் வைத்த முந்நூறு கட்டங்கள். பாலக்கா எட்டு மாதம் பரிசோதனைக்கூடத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் ஒரு எண்ணைத் தட்டினால் கீழே எந்தக் கட்டம் மாறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை. தன் வேலையைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. இருந்ததில் தப்பும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. புது அப்ளிகேஷனைத் திறந்துவைக்க நிர்வாகத்தின் பெரியவர்கள் வருவதாக இருந்தது. திறப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை பார்த்தபோது, பழைய இயந்திரம் பதில் சொல்லத் தாமதித்தால் திரை முழுக்க வெள்ளையாகி, புரியாத எழுத்து வரிவரியாகக் கொட்டியது. இரண்டு தடவை அப்படி ஆயிற்று.

பிரிவுத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன செய்வியோ தெரியாது. வர்றவங்க முன்னாடி இது வரக் கூடாது."

"ஒரு வாரம் கொடுங்க சார், முறையா செஞ்சிடுறேன்."

"நாளன்னிக்கு வர்றாங்கம்மா."

அவள் ஐந்து வரி எழுதினாள். பதில் வராவிட்டால் தவறு என்று கத்தாதே, வெறும் பட்டியலைக் கொடுத்துவிடு. அதற்கு மேலே தனக்கென்று ஒரு குறிப்பும் போட்டாள்: தற்காலிகம், பிறகு மாற்ற வேண்டும். வெறும் பட்டியல் கிடைத்தால் திரை அமைதியாக, "பரிசோதனை முடிவுகள் எதுவும் இல்லை" என்று காட்டும். திறப்பு விழா கண்ணுக்கு அழகாக நடந்தது. கைதட்டினார்கள். பாலக்காவுக்கும் ஒரு பூங்கொத்து கிடைத்தது.

பிறகு ஒரு வாரம் கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியின் அடுத்த கிளைக்குப் போட்டபின் பார்க்கலாம் என்றார் தலைவர். அப்புறம் இன்னொரு வேலை, அதற்கப்புறம் வேறொன்று. அவளும் மறந்தேபோனாள். ஒரு வருஷம் ஏழு மாதம் அந்த ஐந்து வரி அப்படியே கிடந்தது. இதற்குள் மேலே இன்னொன்றும் நடந்திருந்தது. முன்பெல்லாம் ஆபத்தான முடிவு ஏதாவது வந்தால் பரிசோதனைக்கூடத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்வார்கள். எல்லாம்தான் திரையில் வருகிறதே என்று அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெளிப் புரோகிராம்கள் பழைய இயந்திரத்துக்குள் போக ஒரே நேரத்தில் இருபது இணைப்புகள்தான் உண்டு. எடுத்தவர் வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். மருந்துப் பிரிவுக்காக வெளி நிறுவனம் ஒன்று புதிதாகச் சேர்த்திருந்த புரோகிராம், எடுத்ததைத் திருப்பி வைக்கவே இல்லை. பத்து மணிக்கெல்லாம் இருபதும் தீர்ந்துபோயிற்று. அதற்குப்பின் வந்த கேள்விகள் முப்பது விநாடி வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பின. வார்டில் திரைகளெல்லாம் ஒரே குரலில், எதுவும் இல்லை என்றன.

மூன்றாவது மாடியில் சிறுநீரகக் கோளாறோடு ஒரு தையல்காரி படுத்திருந்தாள். ஐம்பத்தொரு வயது. அவள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. விட்டால் இதயம் நின்றுபோகிற அளவு. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கே பரிசோதனைக்கூடத்தில் அந்த முடிவைப் பதிந்துவிட்டார்கள். பணியிலிருந்த இளம் டாக்டர் பத்து இருபதிலிருந்து பதினொன்று நாற்பதுக்குள் நான்கு தடவை திரையைத் திறந்து பார்த்தார். இரத்தம் போய்ச் சேரவில்லைபோல என்று நினைத்து, இன்னொரு தடவை எடுத்தனுப்பினார். பதினொன்று ஐம்பதுக்குத் தையல்காரியின் இதயம் நின்றது. ஓடிவந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பலன் இல்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரின் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிப் பாலக்காவிடம்தான் வந்தார்கள். அந்த நோயாளியின் எண்ணைப் போட்டுத் தேடினாள். நான்கு வரி வந்தது. நான்கிலும் பதில் கிடைக்கவில்லை, வெறும் பட்டியல் கொடுக்கப்பட்டது என்றிருந்தது. புரோகிராமின் எந்த இடத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்பதும் இருந்தது. அவள் அந்த இடத்தைத் திறந்தாள். தன் கையால் எழுதிய குறிப்பு மேலே நின்றது. சலவை இயந்திரம் அந்தப் பக்கம் சுழன்று சுழன்று நின்றது. நின்றதும் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்டது.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"நெட்வொர்க்ல தற்காலிகத் தடங்கல்னு எழுது."

"நெட்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"அம்மா, நீ வேணும்னு பண்ணினியா? இல்லைல்ல? அப்புறம் ஏன் வலியப் போய் கழுத்தைக் கொடுக்கிற?" பிறகு தாழ்ந்த குரலில், "அந்தத் தேதியில முடிக்கணும்னு சொன்னது நான். எனக்கும் தூக்கம் வராதுதான்" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த பத்தியில் அவள் கையெழுத்துப் போட்டாள். பயந்துதான் போட்டாள். வேறு எந்தக் காரணமும் சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. விசாரணை ஒன்பது நாளில் முடிந்தது. முடிவு வராதபோது போன் செய்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று சொல்லி, இளம் டாக்டரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரோ ஒருவர் செய்ததுபோல நடந்ததைப் புருஷனிடம் சொன்னாள். அவன் யோசிக்கக்கூட இல்லை. "பிரேக் பிடிக்கலைன்னா வண்டியை ஓரங்கட்டணும். எல்லாம் சரியா இருக்குன்னு மீட்டர் முள்ளை ஒட்டவச்சுட்டு ஓட்டுறவனை ஸ்டியரிங் பக்கமே விடக் கூடாது."

"அது நான்தாங்க" என்றாள்.

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்து வைத்தான்.

மறுநாள் யாரையும் கேட்காமல் அந்த ஐந்து வரியையும் அழித்தாள். பதில் வராவிட்டால் திரையில் சிவப்புக் கட்டம் வரும்படி செய்தாள்: முடிவுகளை எடுக்க முடியவில்லை, பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்யவும்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அடித்தளத்துக்கு இறங்கிவந்தாள். தையல்காரியின் அக்கா. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டு, கடைசியில் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். கையில் பரிசோதனை முடிவு அச்சிட்ட ஒரு காகிதத்தை மடிக்காமல் பிடித்திருந்தாள்.

"நான் எதைப் பார்த்தாலும் முதல்ல நேரத்தைத்தான் பார்ப்பேன். வேலைப் பழக்கம்" என்றாள். "இதுல பத்து பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் முடிவு வரலைன்னு சொன்னாங்க?"

நெட்வொர்க் என்ற சொல் பாலக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். தானும் எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பூங்கொத்தைக்கூட விடவில்லை.

அக்கா திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்தப்ப நான்தான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். ஏன்க்கா மறுபடியும் குத்துறாங்கன்னு கேட்டா. முதல்ல எடுத்தது தொலைஞ்சுபோச்சு போலடின்னு சொன்னேன்." நிமிர்ந்தாள். "தொலையலை, இல்ல?"

"தொலையலைம்மா. இருந்துச்சு."

"அந்த டாக்டர் மேல நான்தான் புகார் கொடுத்தேன்."

அக்கா காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

"இப்பச் சொன்னதை எழுதிக் கொடுப்பீங்களா?"

அந்த இடத்திலேயே எழுதினாள். இரண்டரைப் பக்கம். ஒரு பிரதி அக்காவுக்கு, ஒன்று விசாரணைக் குழுவுக்கு. குழுவிடமிருந்து நாலு வரியில் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, முடிந்ததைத் திறக்கப் போதுமான காரணம் இல்லை என்று. அக்கா அதை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்தாள். போன இடத்திலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பாலக்கா டாக்டரின் வீட்டு எண்ணைத் தேடிப்பிடித்துப் போன் செய்தாள். அவருடைய அம்மா எடுத்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"அப்போ என் பையன் மேல தப்பில்லைன்னு சொல்றீங்க."

"ஆமாம்மா. தப்பு என்னுது."

"அவன் இப்போ மருத்துவமே பார்க்கிறதில்லைம்மா. அவங்க மாமாவோட கடையில உட்கார்றான். அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுறான். நீங்க சொன்னதை நான் சொல்றேன். ஆனா நீங்க மறுபடி கூப்பிடாதீங்க."

அவளும் மறுபடி கூப்பிடவில்லை.

சிவப்புக் கட்டம் வந்த பிறகு வார்டுகளிலிருந்து புகார் குவிந்தது. மருந்துப் பிரிவுப் புரோகிராமை யாரும் சரிசெய்யாததால் தினமும் பத்துப் பதினைந்து தடவை சிவப்பு வந்தது. அடிக்கடி வந்தால் எப்படி வேலை பார்ப்பது என்றார்கள் டாக்டர்கள். பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் போன் மணியே ஓயவில்லை என்றார்கள். இன்னும் மூன்று கிளைகளுக்கு இதைக் கொண்டுபோகிற நேரம் வேறு. சிவப்பை எடுத்துவிட்டுப் பழையபடி வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

"மாட்டேன் சார்" என்றாள் பாலக்கா.

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. "நீ மாட்டேன்னா வேற ஆளு பண்ணிடுவான்மா. அஞ்சு வரிதானே."

வேறு ஆள்தான் செய்தான். அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். இப்போது கையுறை, ஊசி, பஞ்சு எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்று பதிகிறாள். கட்டங்களைக் குறித்துவைத்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டுவிடு என்று புருஷன் ஒரு தடவை சொன்னான். விட்டுவிட்டால் அங்கே அந்த ஐந்து வரியைப் பற்றிச் சொல்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. டெப்போவில் பால் கதையைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வார்டு வார்டாக ஏறி இறங்குகிறாள். நர்ஸுகளைத் தனித்தனியாகப் பிடித்து, "எதுவும் இல்லைன்னு திரை காட்டினா நம்பாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க" என்று சொல்கிறாள். கேட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பாலக்காவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று கண்ணைக் காட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டு ஆட்களை மாற்றுகிறார்கள். மறுபடி முதல் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

போன வாரம் மூன்றாவது மாடியில் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் பொறுமையாக நின்று கேட்டாள். குறுக்கே பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. பரிசோதனைக்கூடத்து நம்பர் என்னவென்று கேட்டு, காகிதம் இல்லாததால் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டாள். "ரொம்ப நன்றிக்கா" என்றாள். அடுத்த படுக்கையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போகும் வழியில் குழாயடியில் நின்று, முறைப்படி சோப்புப் போட்டு, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள்.