தகரக் கதவில் கரண்ட்

புது வீடுகளுக்கு, மின்கசிவு வந்தால் தானாக கரண்டை நிறுத்தும் டிரிப் சுவிட்ச் கட்டாயம் என்று விதி வந்தபோது, உத்திரமேரூரில் உள்ள எங்கள் வீட்டுக்கும் போடலாம் என்றேன்.

"நம்ம வூடு பழசு. அந்த ரூலு நமக்கு இன்னாத்துக்கு?" என்றார் கணவர். நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை குளித்துவிட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைத் தொட்டதும் ஷாக் அடித்தது. ஹீட்டர் ஒயர் நைந்து தகரக் கதவில் பட்டிருந்தது. வெளியேற வேறு வழியில்லை. ஈரத் தரையில் நின்று அலறினேன். அவர் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"கதவுல கரண்ட் கீது, தொடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க."

ஓடிவந்த சத்தம் கதவருகே சட்டென நின்றது. தொட்டுவிட்டாரோ என்று பயந்தேன். விளக்கு அணைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றே சுவிட்ச் போட்டோம். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். அப்போது கரண்ட் போய் டிவியில் கிரிக்கெட் பாதியில் நின்றாலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை.