சத்தம் இல்லாமலும் சிரித்தாள்

என் மகள் ஜனனிக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. பேச்சு வர உதவும் என்று சொன்னார்கள், குழந்தைகளுக்கான பாட வீடியோக்களைப் போனில் போட்டுக் காட்டினேன். பூனை, பந்து, பால். கண் எடுக்காமல் பார்ப்பாள். வாய் மட்டும் திறக்காது.

ஒரு நாள் போனில் சத்தம் அணைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பூனை குதிக்கும் இடத்தில் வழக்கம்போலச் சிரித்தாள். அப்போதுதான் சத்தமே வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. பின்னால் நின்று தட்டில் கரண்டியால் அடித்தேன். அவள் திரும்பவில்லை.

திருத்தணியில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"போனைக் குடுத்துப் பழக்கிட்டு, காது கேக்கலன்னு சொல்றீங்களா? மொதல்ல அதை நிறுத்துங்க."

காதுக்குள் ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை.

என்னைக் குறை சொல்ல நாத்தனாருக்கு அது போதுமாக இருந்தது. நான் ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவதால் குழந்தை குழம்புகிறது என்று அவர் சேர்த்துக்கொண்டார். போன் நின்றது. என் மகளிடம் என் தாய்மொழியும் நின்றது. மாதக்கணக்கில் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு நாள் என் கணவர் அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"பின்னாடியே பள்ளிப்பட்டு பஸ்ஸு ஹாரன் அடிச்சிகினே வந்துச்சு. அவ திரும்பவே இல்ல. நான்தான் இழுத்தேன்" என்றார்.

என் வார்த்தைக்கு ஒரு பஸ் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் ஏபிஆர் (தூங்கும் குழந்தையின் காதில் ஒலி கொடுத்து, நரம்பு வழியே அது மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தார்கள். இரண்டு காதிலும் கேள்திறன் மிகக் குறைவு. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம் என்றார்கள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

காதுக்கருவி பொருத்தினார்கள். பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணிடம், இனி வீடியோவே காட்டக் கூடாதா என்று கேட்டேன்.

"காட்டலாம்மா. ஆனா அவளைத் தனியா வுட்டுட்டுப் போவாதீங்க. பக்கத்துல உக்காந்து, நிறுத்தி நிறுத்தி, நீங்க பேசுங்க. உங்களுக்கு எந்த பாஷை நல்லா வருதோ அதுல" என்றார்.

அப்படியே செய்தேன். கொஞ்ச நேரம்தான். திரையில் பந்து வந்தால் நிறுத்துவேன். நிஜப் பந்தை உருட்டி, பெயர் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பேன். இந்தக் காத்திருப்புதான் கடினம். இதைப் படிக்கும் பெற்றோரே, அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். குழந்தைக்குக் கேட்கிறதா என்ற சந்தேகம் வந்தால், யார் அதட்டினாலும் முதலில் காதைச் சோதியுங்கள்.

ஒரு மதியம், நான் டம்ளரை நீட்டிக் காத்திருந்தபோது, "பா" என்றாள். பாலா, பாலுவா, தமிழா, தெலுங்கா, எதுவாக இருந்தால் என்ன.

நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "மறுபடியும் போனா?" என்றார். நான் அடுத்த வீடியோவுக்கு நகர்த்தினேன்.

இப்போது ஜனனிக்கு மூன்று வயதாகப் போகிறது. அவள் காதுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. காலையில் கருவியை மாட்டியதும்தான் எங்கள் வீட்டில் நாள் விடிகிறது. அவளுக்காகக் கேட்டுக் கேட்டு, எனக்கும் உடம்பெல்லாம் காதாகிவிட்டது. குழாய் சொட்டினாலும் திரும்புகிறேன்.

கோபம் ஆறிவிட்டதா என்று கணவர் கேட்கிறார். இல்லை. அந்த மாதங்களில் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.