துவக்குகளுக்குப் பொட்டு வைத்த நாள்

லா சப்பலில் மெட்ரோ ரயில் தெருவுக்கு மேலே தூண்களின்மேல் ஓடும். நான் மெனாஜ், அதாவது வீடு துப்புரவாக்கும் வேலைக்குப் போன வீடு அந்தத் தூண்களுக்கு எதிரே, மூன்றாம் மாடியில் இருந்தது. ரயில் வந்து நிலையத்துக்குள் நுழையும்போது அதன் சன்னல் வெளிச்சங்கள் வீட்டுக் கூரையில் வரிசையாக ஊர்ந்து போகும். அலுமாரிக் கண்ணாடிகள் மெல்ல நடுங்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு ரயில் போகும்வரை காத்திருப்பார்கள். கையில் துணியோடு நின்றபடியே நான் அந்த இடைவெளியில் எங்கெங்கோ போய்விட்டு வருவேன். கூலி கொடுத்துக் கனவு காணவிடும் வீடு எல்லோருக்கும் கிடைக்காது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எண்பது வயது. மனைவி இறந்து பல காலம். நான் அவரை முசியூ என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேசியது பிரெஞ்சு, நான் பதில் சொன்னதும் ஏதோ ஒரு வகைப் பிரெஞ்சு. ஆனால் இன்று நினைக்கும்போது நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத் தமிழில் பேசிக்கொண்டதாகவே காதில் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் வீட்டைச் சுற்றிக் காட்டியவர், கடைசி அறையில் இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்தார். உள்ளே துவக்குகள். ஒரு டசினுக்குக் குறையாது. எல்லாம் பழைய வேட்டைத் துவக்குகள், மெருகேறிய மரமும் வெள்ளிப் பூவேலையுமாக வரிசையில் நின்றன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அது 2009. வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு என் கடைசித் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கயிற்றோடு கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் தோட்டா ஒன்றுகூட இல்லை என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னபோது என் மனுசன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் போய்த் துவக்குக்குக் காவல் இருக்கிறீர்."

ஆனாலும் அடுத்த நாள் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். போகப் போகப் பயம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். பயம் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பின்னேரங்களில் அவர் ஒரு துவக்கை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பல்லுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் குழாயின் வாய்க்குள் விட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் எட்டிப் பார்ப்பார். பல்லில் சூத்தை இருக்கிறதா என்று நான் கேட்பேன். இல்லை, ஆனால் சரியாகத் துலக்குவதில்லை என்பார். எண்ணெய்த் துணியால் மரத்தைத் தடவிக்கொண்டே விடியற்காலக் குளங்களைப் பற்றிச் சொல்வார். பனிப் புகாருக்குள் வாத்துகள் எழும்பும் சத்தம், ஈரச் சப்பாத்து, நாயின் சூடான மூச்சு. ஒரு கதையிலும் வெடி வெடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாக் கதையும் அதற்கு ஒரு கணம் முன்னாலேயே நின்றுவிடும். வாத்துகள் எழும்பிக்கொண்டே இருக்கும்.

வரிசையின் கடைசியில் ஒரு மெல்லிய துவக்கு இருந்தது. அது அவருடைய மனைவிக்காகச் செய்வித்தது. அதன் மரம் கன்னம் படும் இடத்தில் கொஞ்சம் மங்கியிருந்தது. அதைக் கையில் எடுத்தால் மட்டும் அவர் கதை சொல்லமாட்டார். அந்த மங்கலில் பெருவிரலை வைத்தபடி சும்மா இருப்பார். மனைவி வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போகிறார் என்று ஒருமுறை சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. என் தம்பியும் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தான், எனக்குத்தான் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

இந்தச் சேகரிப்பு முழுவதற்கும் அசுரான்ஸ், அதாவது காப்புறுதி, இருந்தது. அதன் நிபந்தனைகளை அவர் தேவாரம்போல ஒப்புவிப்பார். துவக்குகள் இரும்பு அலுமாரிக்குள் இருக்கவேண்டும். திறப்பு அவரிடம் மட்டுமே இருக்கவேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது. அடுத்த வருடம் நிறுவனம் இன்னொன்றையும் சேர்த்தது. வயது எண்பதைத் தாண்டிவிட்டதால், புதுப்பிக்கும் முன் மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து துவக்குகளையும் பார்ப்பார், அவரையும் பார்ப்பார்.

பக்கத்து நகரமான சென் தெனியில் கந்தோரில் எழுத்து வேலை செய்யும் அவருடைய மகளுக்கு இது நல்ல சாட்டாகப் போயிற்று. அசுரான்ஸ் இல்லையென்றால் அந்தக் கிழமையே துவக்குகள் ஏலத்துக்குப் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவை போனால் இந்த வீட்டில் பேச யார் இருக்கிறார்கள் என்று முசியூ கேட்டார். நான் இல்லையா என்று வாசலில் இருந்து கேட்டேன். நீர் பேசுவீர், அவை கேட்கும், இரண்டும் ஒன்றா என்றார்.

மகள் கெட்டவர் இல்லை. ஒரு நாள் குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, அப்பா மறக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். மறந்துகொண்டுதான் இருந்தார். சீனிப் போத்தல் குளிர்பெட்டிக்குள் இருக்கும். குடித்த கோப்பி காயமுன் இரண்டாவது கோப்பி கேட்பார். சில நாள் கதவைத் திறந்துவிட்டு, மரியாதையான சிரிப்போடு, நான் யார் என்று யோசிப்பார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பிரெஞ்சில் சொல்லிவைத்தேன். மகளுக்கு ஆனை எங்கே வந்தது என்று விளங்கவில்லை. நானும் விளக்கப் போகவில்லை.

அந்தப் புரட்டாசியில் நவராத்திரியின் கடைசி நாளில் ஆயுத பூசை வந்தது. லா சப்பல் கடைகளில் தராசுக்கும் காசுப் பெட்டிக்கும் நகைக்கடைச் சுத்தியலுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். தெருவே சந்தனம் மணத்தது. எனக்கு வேலை கொடுக்கும் சாமான்கள் முசியூ வீட்டில்தானே இருக்கின்றன? போகும் வழியில் சந்தனத் தூளும் குங்குமமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டேன். தூசி உறிஞ்சும் மெஷினுக்கு ஒரு பொட்டு, ஸ்திரிப்பெட்டிக்கு ஒன்று, நிலம் துடைக்கும் வாளிக்கு ஒன்று. நிமிர்ந்து பார்த்தால் முசியூ வாசலில் நிற்கிறார்.

நான் விளக்கினேன். இன்று இவற்றுக்கு ஓய்வு நாள், நன்றி சொல்லிக் கும்பிட்டு, வேலை வாங்காமல் விடவேண்டும் என்றேன். இன்று கூட்டப் போவதில்லை என்பதையும் அந்தச் சாட்டிலேயே சொல்லி முடித்தேன். பண்டிகையின் பெயர் என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆயுதங்களின் பூசை என்றுதான் பெயர். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஓர் ஆயுதத்துக்கும் பொட்டு வைத்ததில்லை. தையல் மெஷினுக்கும் மண்வெட்டிக்கும் சைக்கிளுக்கும்தான் வைத்தோம்.

"அப்ப இவைக்கும் வையும்," என்றார் முசியூ, இரும்பு அலுமாரி இருந்த அறையைக் காட்டி. "இவையும் களைச்சுப் போச்சுதுகள்."

எனக்குத் தெரிந்த துவக்குகள் ஒரு நாளும் களைத்ததில்லை. அவர் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி அலுமாரியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளை மேசைவிரிப்பில் கிடத்தினார். நான் குழைத்த சந்தனத்தைத் தொட்டு முதல் துவக்கின் மரத்தில் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். மரம் மரமாகத்தான் இருந்தது, வீட்டுக் கதவைத் தொட்டதுபோல. அந்த அறைக்குள் பின்னேர வெயில் எண்ணெய் நிறத்தில் நின்றது. வெளியே ரயில் வந்து நின்று போயிற்று. ஏதோ ஒரு பெரிய குடும்பத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு வந்தது. கடைசியாக அந்த மெல்லிய துவக்குக்கு நான் விரலை நீட்டியபோது அவர் தடுத்தார். தானே சந்தனத்தைத் தொட்டு, அந்த மங்கிய இடத்துக்கு மேலே மிக மெதுவாக வைத்தார். எங்கள் நாட்டில் பெண்களுக்கு இதை எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். என் நெற்றியைக் காட்டினேன். அப்போது சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறேன் என்றார்.

சின்னத் தட்டில் கற்பூரம் கொளுத்தினோம். அலாரம் கத்திவிடும் என்று சன்னலைத் திறந்துவிட்டுத் தட்டை அவரே பிடித்துக்கொண்டார். சிரித்தபடி இருந்தார். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொட்டைத் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்றேன். உதிரட்டும் என்று பூட்டினார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். மெலிந்த, நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்ட முதல் பிரெஞ்சுக்காரர். மகளும் வந்திருந்தார். முசியூ கோட் போட்டுத் தலை வாரியிருந்தார். நிபந்தனைகளை ஒன்றும் தவறாமல் ஒப்புவித்தார். எந்தத் துவக்கு எந்த ஊரில் செய்தது, எந்த மரம், எல்லாம் சொன்னார். நான் கோப்பித் தட்டோடு வாசலில் நின்றேன். தப்பிவிடுவார் போலிருந்தது. அந்தத் துவக்குகள் எனக்காகவும் அந்த வீட்டில் இருக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு அலுமாரியைத் திறந்தார். எல்லாத் துவக்கிலும் மஞ்சள் பொட்டு, நடுவில் சிவப்பு. மதிப்பீட்டாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

முசியூ பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய முகத்தில் இருந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. மெல்லிய துவக்கைக் கையில் எடுத்தார்.

"ஆர் இதைத் தொட்டது?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தார். மதிப்பீட்டாளர் பார்த்தது என் நெற்றியை. அதில் காலையில் வைத்த அதே சந்தனமும் அதே குங்குமமும் இருந்தன.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. அவர் நித்திரையில் இருந்தபோது நான்தான் திறப்பை எடுத்தேன் என்று சொன்னால் நம்புவார்கள். இலங்கைக்காரி, துவக்கு, திருட்டுத் திறப்பு. அதற்குப் பிறகு என் பப்பியேக்கள், அந்த அகதிப் பத்திரங்கள், என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. ஆனால் அவர் மறதிக்காரர் ஆகமாட்டார். பூட்டை மாற்றி, என்னை நிறுத்தி, துவக்குகளை வைத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால் நான் தப்புவேன், அவர் எல்லாவற்றையும் இழப்பார். ரயில் வந்தது. நாங்கள் நால்வரும் வழக்கம்போலப் பேசாமல் நின்றோம். அந்த இடைவெளியில் நான் எங்கும் போகவில்லை. பொய்யைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். சொல்லியிருப்பேன் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ரயில் போனதும் முசியூ முந்திக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"நானோ திறந்தனான்?"

அவர் நேராக என்னைக் கேட்டபோது என் பொய் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஓம் முசியூ. நீங்கள்தான் திறந்தனீங்கள்."

என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். வாளிக்கு வைத்த பொட்டிலிருந்து தொடங்கி, மேசைவிரிப்பு, சந்தனம், கற்பூரம், அவர் தட்டைப் பிடித்தது எல்லாம். மெல்லிய துவக்குக்கு மட்டும் அவரே பொட்டு வைத்தார் என்றும், பெண்களுக்கு எங்கே வைப்பார்கள் என்று என்னிடம் கேட்டார் என்றும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து, வேறு ஒருவருடைய கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். ஞாபகத்தின் ஒரு பொறியாவது கண்ணில் தெரியாதா என்று பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"அந்தாள் அப்ப சந்தோசமாய் இருந்ததோ?" என்று கேட்டார் முசியூ.

"நல்ல சந்தோசமாய் இருந்தது."

"நல்ல மனுசன் போலை கிடக்கு," என்றார்.

மகள் தகப்பனின் தோளைத் தொட வந்து தொடாமல் நின்றார். மதிப்பீட்டாளர் தன் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, இன்னொரு நாள் வரலாம், அவசரம் இல்லை என்று மெல்லச் சொன்னார். முசியூ வேண்டாம் என்று கையசைத்தார். திறந்ததையே மறக்கிறவனிடம் இது இருக்கக்கூடாது, நிபந்தனை எழுதியவர்கள் அதை எழுத மறந்துவிட்டார்கள் என்றார். மெல்லிய துவக்கை அதன் இடத்தில் நிறுத்திவைத்தார். கதவைச் சாத்திப் பூட்டினார். கயிற்றைத் தலைக்கு மேலால் எடுக்கும்போது வாரிய முடி கலைந்தது.

திறப்பை மகளின் உள்ளங்கையில் வைத்தார். துவக்குகள் ஏலத்துக்குப் போகும் என்று கண்டிப்பாகச் சொன்ன மகளுக்கு இப்போது கையை மூட முடியவில்லை. அவர்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.