கர்ப்பப்பை போனபின் வந்த அம்மன்

தொண்ணூற்று நாலோ அஞ்சோ, எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதாமாதம் பட்ட பாடு ஒழிந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் வீடு வந்த கொஞ்ச நாளில் புதுசாக ஒன்று ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பேன், நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பி உச்சந்தலைவரை ஏறும். ஐப்பசி மழையிலும் ரவிக்கை நனைந்துவிடும். தாமிரபரணியில் கழுத்தளவு நின்றாலும் உள்ளே அடுப்பெரியும். தூக்கம் போச்சு. எரிச்சலுக்கு மட்டும் குறைவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஃபேனைக் கூட்டி வையி" என்பார். நோண்டி நோண்டிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்திருக்கிறார்கள். தீட்டு நிற்கிற வயது ஒரே நாளில் வந்துவிடும், உடம்பு கொதிக்கும், எலும்பும் தேயலாம் என்று டாக்டர் இவரிடம் சொல்லியிருக்கிறார்.

"பொம்பளை சமாச்சாரம், ஒங்கிட்ட எப்படிச் சொல்லுதது?" என்றார் அந்த மகான். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு பொங்கவில்லை.

பிறகு நாத்தனாருக்கும் அதே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். என்னைவிட வயதில் சின்னவள். அவளும் இப்படி வேகப்போகிறாளே என்று எனக்குப் பதைத்தது. "சினைப்பையையும் எடுப்பாகளான்னு கேளுங்க அத்தை" என்றேன். "டாக்டரையே கேள்வி கேக்கச் சொல்லுதியா? ஒனக்கு வாய் கூடிப்போச்சு" என்று மாமியார் அடக்கிவிட்டார்.

அந்தச் சித்திரையில் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. உச்சி வெயில், மேளம், சாம்பிராணிப் புகை, போதாததற்குப் பட்டுச்சேலை. எனக்குக் குப்பென்று ஏறியது. முகம் சிவந்து வேர்த்து ஊற்ற, முந்தானையை உதறி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவ்வளவுதான். "ஆத்தா வந்துட்டா" என்றாள் பக்கத்தில் நின்றவள். குலவை கிளம்பியது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு நடந்த முதல் உருப்படியான வைத்தியம் அதுதான். இன்னும் ஊற்றட்டும் என்று கண்ணை மூடி நின்றேன்.

கண்ணைத் திறந்தால் மாமியார் என் காலடியில். "தாயே, என்ன கொறைன்னு சொல்லு." பக்கத்தில் வீட்டுக்காரர் கைகட்டி, பவ்யமாக. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. விடுவேனா?

"ஒம்மகளுக்கு ஆபரேஷன்னு நாள் குறிச்சியே, எதையெல்லாம் எடுக்கப்போறாகன்னு கேட்டியா?"

"கேக்கலையே தாயே."

"நல்லா இருக்குத சினைப்பைய எதுக்கு எடுக்கணும்னு கேளு. கேட்டு, அவகிட்டயே சொல்லு. பெறவு கத்திய வைக்கட்டும்."

அம்மனுக்குச் சினைப்பை எப்படித் தெரியும் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பூசாரி மட்டும் திருநீறு பூசும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாளே மாமியார் போய்க் கேட்டார். சினைப்பை நன்றாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாம் என்றாராம் டாக்டர். நாத்தனாருக்குக் கர்ப்பப்பை மட்டும் போயிற்று.

அவள் வீடு திரும்பிய அன்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆத்தா மட்டும் சொல்லலைன்னா எம்மகளும் ஒன்ன மாதிரி ராவும் பகலும் வெந்துல்லா கெடப்பா."

ஆக, நான் வெந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பின்கட்டுக் குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரை நானே என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.